வெட்டாமல் விட்ட பெயர்

கிராம சேவகர் உத்தியோகம் என்பது அரசாங்கத்துக்கு விழவேண்டிய ஏச்சை அரசாங்கத்துக்குப் பதிலாக வாங்கிக்கொள்கிற வேலை. நியமனக் கடிதத்தில் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் வேலை அதுதான். பதவியின் பெயரை மேலே எத்தனை தரம் மாற்றினாலும் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு நான் பழைய ‘விதானையார்’தான். திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, நிலாவெளி வீதியை ஒட்டிய ஒரு கரையோரப் பிரிவு என்னுடையது. சண்டைக் காலத்தின் பெரும்பகுதியை அங்கேதான் தள்ளினேன்.

நீங்களும் ஏதாவதொரு கந்தோர் வாசலில், விண்ணப்பத்தின் மூன்று பிரதிகளையும் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா சாப்பிடப் போயிட்டார், பின்னேரம் வாங்கோ” என்ற பதிலோடு வீடு திரும்பியவர்தானே? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவனும் உங்களோடு சேர்ந்துதான் அவதிப்பட்டான் என்று சொல்ல எனக்கு நெடுநாள் ஆசை.

நிரந்தர முகவரி

எங்கள் படிவங்களில் மூன்றாவது கேள்வி எப்போதும் ‘நிரந்தர முகவரி’. அதை அச்சடித்தவர் ஒரே வீட்டில் பிறந்து, வளர்ந்து, அந்த வீட்டிலேயே கலியாணமும் முடித்தவராக இருக்கவேண்டும். கடலுக்குப் போகும் பாஸ் எடுப்பதற்காக இராசண்ணர் ஒருநாள் வந்திருந்தார். மூன்று தரம் ஓடி, மூன்று தரம் திரும்பி வந்த மனிதர். வீடு எரிந்து, பாடசாலையில் இருந்து, தகரக் கொட்டிலுக்கு மாறி, அந்தக் கொட்டிலையும் வேறிடத்துக்கு மாற்றும்படி அந்தக் கிழமைதான் உத்தரவு வந்திருந்தது.

நான் பேனையைப் பிடித்துக்கொண்டு, “நிரந்தர முகவரி என்னண்ணை?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். “அதை நீங்கள்தான் தம்பி எனக்குச் சொல்லவேணும். எங்களை எங்க வைச்சிருக்கிறதெண்டு உங்கடை ஆக்கள் முடிவெடுத்தாச்சோ?”

என்னை எனக்குத் தெரியும்

ஒருமுறை தங்கை வீட்டு விசேஷத்துக்காக நான் வவுனியாவுக்குப் போகவேண்டியிருந்தது. பயணம் போகிற எவரும் வதிவிடச் சான்றிதழ் இல்லாமல், வீதியை மறித்து இராணுவம் நிற்கும் ஒரு சென்றியையும் தாண்ட ஏலாத காலம். அன்று என் மேசையில் முப்பது விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன. அவற்றோடு என்னுடையதையும் சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் நிரப்பி, ஒரே மூச்சில் ஒப்பமிட்டு, றப்பர் முத்திரையும் குத்திக் கந்தோருக்குக் கொண்டுபோனேன்.

பிரதம லிகிதர் கனகசபை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்க்கிற ஆள். என் தாளை மட்டும் தனியே இழுத்தெடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்: ‘மேற்படி நபரைப் பத்து வருடங்களாக எனக்கு நேரில் தெரியும். நல்லொழுக்கம் உள்ளவர். சந்தேகத்துக்கிடமான ஆட்களோடு பழகியதாக நான் அறியவில்லை.’ கீழே என் ஒப்பம். கந்தோரே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “உம்மைப் பற்றி நீர் சொல்லுறதை அரசாங்கம் எடுக்காது காணும். உம்மைத் தெரிஞ்ச வேற ஆரும் உயிரோட இருந்தாக் கூட்டிக்கொண்டு வாரும்.”

வேலைக்குப் போன ஆள்

வருடத்துக்கு ஒருமுறை வாக்காளர் இடாப்பு என்கிற பெயர்ப்பதிவுக்கான படிவத்தை வீடு வீடாகக் கொடுத்து, வீட்டுக்காரர் நிரப்பிய பிறகு திரும்ப வாங்கவேண்டும். நாய்க்கடி வாங்கியது, தேத்தண்ணி குடித்தே வயிறு கெட்டது எல்லாம் இந்த வேலையில்தான்.

தவமணியின் வீடு கடற்கரைப் பக்கம் கடைசி ஒழுங்கையில் இருந்தது. கணவன் சுந்தரலிங்கம், மேசன். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு காலையில் கப்பல்துறையில் ஒரு வீட்டு வேலைக்கென்று சாந்தகப்பையும் மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவர். சீனன்குடா வரை பஸ்ஸில் கண்டவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு வந்து சேரவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். அவ்வளவுதான் தெரியும். முகாம், பொலிஸ் என்று தவமணி ஏறாத வாசலில்லை, எல்லா இடத்திலும் ஒரே பதில், “இங்கே அப்படி ஓர் ஆள் இல்லை.”

அவள் நிரப்பித் தந்த படிவத்தின் முதல் வரியில் சுந்தரலிங்கத்தின் பெயர் அழகான எழுத்தில் இருந்தது. தொழில்: மேசன். நான் மெதுவாகத்தான் சொன்னேன், “தங்கச்சி, வீட்டில இருக்கிற ஆக்களைத்தான் எழுதவேணும்.” அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “வேலைக்குப் போயிருக்கிறார் எண்டு போடுங்கோ, விதானையார். அப்பிடித்தானே சொல்லிட்டுப் போனவர்.”

வீட்டுப் பட்டியல்

இடாப்பு மேலே எங்கோ தூங்குகிற காகிதம். வீட்டுப் பட்டியல் அப்படியல்ல. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி, நான் ஒப்பமிட்டு, கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்கவேண்டும். இராணுவத்தின் சுற்றிவளைப்பு வந்தால் பட்டியலையும் தலைகளையும் எண்ணிப் பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாத தலை வீட்டில் இருந்தால் பிரச்சினை. பட்டியலில் உள்ள தலை வீட்டில் இல்லாவிட்டால் அதைவிடப் பிரச்சினை.

தவமணியின் பட்டியலிலும் முதல் வரி சுந்தரலிங்கம்தான். ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் ஒரு சிப்பாய் அந்தப் பெயரில் விரலை வைத்து, அரைகுறைத் தமிழில் “இந்த ஆள் எங்க?” என்று கேட்டிருக்கிறான். இவள், “அதைத்தான் ஐயா நானும் இரண்டு வருசமா உங்கடை ஆக்களிட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்றிருக்கிறாள். அடுத்த நாள் ஒப்பமிட்ட குற்றத்துக்காக என்னைச் சென்றிக்கு அழைத்து மத்தியானம் வரை வெயிலில் நிற்பாட்டினார்கள்.

எனக்கு நல்ல கோபம். நேரே அவள் வீட்டுக்குப் போய், வாசலில் சைக்கிளைச் சாத்தியபடியே கத்தினேன். பேரை வெட்டித் தொலை, உனக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் கரைச்சல் இல்லை என்றேன். ‘நீங்கள்’ போட்டுக் கதைக்கிற நான் அன்று ‘நீ’ போட்டேன். இன்றைக்கும் அது நெஞ்சைக் குத்துகிறது. அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். “நீங்கள் வெட்டினாப் பிறகு அவர் ஒருநாள் வந்து நிண்டாரெண்டா, பட்டியலில இல்லாத ஆளெண்டு பிடிச்சுக்கொண்டு போவினம். ஒருக்காத் துலைச்ச மனுசனை ரெண்டாந்தரமும் துலைக்கச் சொல்லுறீங்களோ, ஐயா?”

அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் நான் வாய் திறக்காமல் ஒப்பமிட்டேன்.

கொழும்புக்குப் போன கடிதம்

தவமணி கொழும்புக்கு ஒரு முறைப்பாடு எழுத விரும்பினாள். ஒரு குடிமகன் காணாமல் போனால் தேடித்தருவது யாருடைய கடமை என்று கேட்கவேண்டும் என்றாள். எழுதிக்கொடுத்தது நான். கிராம சேவகர் செய்யக்கூடாத வேலை, செய்தேன். என்னிடம் இருந்த நல்ல தமிழையெல்லாம் அதில் கொட்டினேன். பதிவுத் தபாலில் போட்டோம்.

எட்டு மாதம் கழித்துக் கந்தோரில் எனக்கு ஒரு தடித்த கோப்பு வந்தது. மேலே ‘அவசரம்’ என்று சிவப்பு முத்திரை. திறந்தால், ஒரு திணைக்களம் அடுத்த திணைக்களத்துக்கு ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று அனுப்பிய கடிதங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. முக்கால்வாசி எனக்கே வாசிக்கத் தெரியாத சிங்களத்தில். கடைசித் தாள் எனக்கு: ‘இணைக்கப்பட்டுள்ள முறைப்பாடு உண்மையானதா என விசாரித்து அறிக்கை தரவும்.’ இணைப்பு, நான் என் சொந்தக் கையால் எழுதிக்கொடுத்த அதே கடிதம்.

வேறு வழியில்லை. கோப்பைக் கட்டிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, “உங்கட கணவர் காணாமல் போனது உண்மையோ?” என்று உத்தியோக முறைப்படி கேட்டேன். அவள் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விஷயம் விளங்கியதும் சிரித்தாள். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. “பரவாயில்லை, விதானையார். கொழும்பெல்லாம் சுத்தித் தேடி, கடைசியில எங்களைத் தெரிஞ்ச ஆளிட்டத்தானே குடுத்திருக்கினம்.”

சிவப்புப் பேனை

அடுத்த தேர்தலுக்கு முன்பு ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஊரில் இல்லாதவர்களின் பெயர்களை இடாப்பிலிருந்து நீக்கவேண்டும். நீக்காத கிராம சேவகரிடம் விளக்கம் கோரப்படும். அது நியாயமான உத்தரவுதான். இல்லாத ஆட்களின் வாக்கை இருக்கிற ஆட்கள் போடுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. ஓடிப்போனவர்கள், வெளிநாடு போனவர்கள், செத்தவர்கள் என்று நான் பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு போட்டேன். சுந்தரலிங்கத்தின் வரிக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது.

இவர் எந்த வகை? ஓடியவரா, போனவரா, செத்தவரா? மூன்றில் எதை எழுதினாலும் பொய். அந்தத் தாளை அப்படியே கனகசபையரிடம் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். விதிமுறையைக் கரைத்துக் குடித்த மனிதர், என்னை விழுங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார். “கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒண்டும் தெரியாது காணும். நான் கண்ணாடியைத் திருப்பிப் போடமுந்தி அந்தப் பக்கத்தைப் புரட்டும்.”

வாக்களிப்பு நாள்

எங்கள் பிரிவு வாக்குச்சாவடி ஒரு பாடசாலை மண்டபம். வாக்காளரை அடையாளம் காண உதவுவதற்காக என்னையும் ஒரு மர வாங்கில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். காலை எட்டு மணியளவில், பட்டியல் வைத்திருந்த அலுவலர் வழக்கம்போல இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசித்தார். “சுந்தரலிங்கம்.”

 நிமிர்ந்து பார்த்தேன். மேசைக்கு முன்னால் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன். என் பிரிவில் நான் ஒருநாளும் காணாத முகம். சுந்தரலிங்கத்துக்கு அப்போது நாற்பது இருக்கும். கட்சி முகவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கீழே பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, அவனைக் கூட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர், இடுப்பில் சட்டை புடைத்தபடி, உள்ளே யார் வாய் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘இவர் அவரில்லை’ என்று சொல்லத்தான் அரசாங்கம் என்னை அங்கே உட்கார்த்தியிருந்தது. நான் குனிந்து என் கையிலிருந்த தாளைப் புரட்டினேன். பயம்தான்; வேறு காரணம் கண்டுபிடிக்க நான் முயலப்போவதில்லை. அவன் சின்னிவிரலில் மை பூசிக்கொண்டு போனான்.

பதினொரு மணிக்குத் தவமணி வந்தாள். அவள் பெயரை வாசித்தபோது, மேசையில் விரிந்திருந்த பட்டியலைத் தலைகீழாகவே பார்த்துவிட்டாள். “மேல இருக்கிறது அவரின்ர பேரெல்லோ? ஏன் கோடு போட்டிருக்கு?” என்றாள். அலுவலர் வெளியூர் ஆசிரியர். பாவம், ஒன்றும் தெரியாது. தலையைத் தூக்காமலே, “அவர் காலமையே வந்து போட்டிட்டுப் போயிட்டார்” என்றார்.

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவேன்? “வந்தவரோ? நீங்கள் கண்டனீங்களோ, விதானையார்? நல்லா மெலிஞ்சு போனாரோ?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே வாயை மூடியிருந்து ஒரு பொய் சொல்லியாயிற்று; இரண்டாவதற்குத் தைரியம் வரவில்லை. “அவர் இல்லை, தங்கச்சி. வேற ஆரோ ஒருத்தன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். மறிக்கேல்லை” என்றேன். அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். வாக்குச்சீட்டை வாங்கினாள், மட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள், நீண்ட நேரம் நின்றாள். சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே என் வாங்குக்கு வந்தாள். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். ஏசியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

“பேரைச் சத்தமா வாசிச்சவையோ?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“எல்லாருக்கும் கேக்கத்தக்கதாவோ?”

“ஓம், தங்கச்சி.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப சரி. இத்தனை வருசமும் அவரின்ர பேரை எல்லாரும் என்னட்ட மெதுவாத்தான் சொன்னவை. வாற வருசமும் வெட்டிப்போடாதேங்கோ, விதானையார்.”

முப்பது வருட உத்தியோகத்தில், சுந்தரலிங்கம் என்கிற மேசன் உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் மை பூசி ஒப்புக்கொண்டதை நான் கண்டது அந்த ஒரு நாள்தான், அதுவும் ஒரு கள்ள வாக்கின் தயவில்.