அதிகம் வேலை வைக்காத நாய்

நானும் இவரும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. அதனால் அதிகம் வேலை வைக்காத நாயாக ஒன்று வாங்கலாம் என்று இன்று குன்னூரில் நாய்க்குட்டி விற்பவரிடம் போனோம்.

"முடி கொட்டக்கூடாதுங்க. தெனமும் வாக்கிங் கூட்டிட்டுப் போக ஆளில்லீங்க. தனியா உட்டுட்டுப் போனா அழக்கூடாதுங்க" என்று இவர் அடுக்கினார்.

விற்பவர் லேப்ரடார், பீகிள் குட்டிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய் ஒரு நாட்டுக்குட்டியைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார்.

"உங்களுக்கு இதுதானுங்க சரி. ராத்திரி எங்க கட்டுவீங்க?"

"வாசல்லதாங்க. காவலுக்குத்தானே வாங்கறோம்."

"முன்ன வச்சிருந்த நாய் என்னாச்சுங்க?"

இவர் என்னைப் பார்த்தார்.

"சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றேன்.

"அதுக்கு முந்துனது?"

"அதுவுந்தாங்க."

அவர் என் மடியிலிருந்த குட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஈசியான நாய் கேக்கறது உங்களுக்கா, சிறுத்தைக்கா?"

ராத்திரி வீட்டுக்குள்தான் படுக்க வைப்போம் என்று உறுதி சொன்ன பிறகே குட்டியைக் கொடுத்தார்.

இப்போது அது சோபாவில், இவருடைய ஸ்வெட்டருக்குள் தூங்குகிறது.

வாசலில் காவலுக்கு யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. உங்கள் வீட்டில் யார்?