விளைமீன் பொரியலும் ஸ்ரெல்லா ரீச்சரின் தராசும்

குருநகரில் பிறந்தவனுக்குப் பந்தடிக்க ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தவழுகிற வயதிலேயே கால் பந்தைத் தேடும். யாழ்ப்பாணத்தில் எந்த மைதானத்தில் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள், இதை மறுத்துச் சொல்ல ஒருவனும் எழும்ப மாட்டான். அப்பேர்ப்பட்ட ஊரின் பெடியன்கள்தான் எண்பத்தைந்தாம் ஆண்டில் ஒரு புதுப் பழக்கம் பழகினார்கள். இடைவேளை வரைக்கும் சுறா மாதிரிப் பாய்வார்கள். இடைவேளைக்குப் பிறகு, கரையில் இழுத்துப்போட்ட வள்ளம் மாதிரிக் கிடப்பார்கள்.

ஊர் இதற்கு நூறு காரணம் சொன்னது. நடுவர் சரியில்லை, மைதானத்தில் மணல் கூடிப்போச்சு, எதிராளி செய்வினை செய்துவிட்டான். ஸ்ரெல்லா ரீச்சர் ஒருத்திதான், "பெடியள் என்ன சாப்பிடுறாங்கள்?" என்று கேட்டாள். கேட்டதற்கு ஊர் சிரித்தது.

ஸ்ரெல்லா டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவள். தகப்பன் கடலோடு போன பிறகு, தாய் சிசிலியா கருவாட்டுக் கடகம் சுமந்து அவளைப் படிப்பித்தாள். முப்பத்தொரு வயதாகியும் கலியாணப் பேச்சு ஒன்றும் சரிவரவில்லை. அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் கவலையெல்லாம் பேப்பரில் பார்த்த ஒரு விளம்பரத்தைப் பற்றித்தான். விளையாட்டுக்காரர் எதை, எப்போது, எவ்வளவு சாப்பிடவேண்டும் என்பதை அவுஸ்திரேலியாவில் ஒன்றரை வருஷம் படிக்கலாம். தேறியவருக்கு முழுச் செலவும் புலமைப்பரிசில். அதற்கு ஒரு நிபந்தனை. தன் ஊரில் ஒரு விளையாட்டுக் குழு ஒரு கிழமை சாப்பிடுகிற சாப்பாட்டை, அவர்கள் சாப்பிடுகிற தட்டுக் கோப்பையிலேயே தராசில் வைத்து நிறுத்து, அந்தக் கணக்கோடு கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போகவேண்டும்.

"சாப்பிடுறதைப் பற்றிப் படிக்க ஒண்டரை வருஷமோ? நாங்கள் பிறந்த நாளையிலையிருந்து சாப்பிடுறம், எங்களுக்கு ஆர் சேட்டிபிக்கேற் தந்தது?" என்றார் ஊர்ப் பந்தடிக் கழகத்தின் தலைவர் நீக்கிலாப்பிள்ளை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வெறுங்கையோடு தொடங்கி, இரண்டு ஐஸ்மீன் லொறிக்குச் சொந்தக்காரர் ஆனவர். அப்படிப்பட்ட மனிசர் கதைக்கிறபோது ஊர் வாயை மூடிக்கொண்டு கேட்கத்தான் வேண்டும். ஸ்ரெல்லாவும் கேட்டாள்.

"தராசும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். என்னைக் கேட்டு எழுதுங்கோ. காலமை முட்டை. மத்தியானம் மீன். இரவு புட்டும் இறாலும். என்ரை பெடியளுக்கு ஒரு குறையுமில்லை."

"ஐயா, உங்கடை லொறி இரண்டும் எட்டு மாசமா கொட்டிலுக்கை சும்மா நிக்குது. சண்டையாலை கடலுக்குப் போகத் தடை. மீன் எங்கையிருந்து வாறது?"

"அது வரும். குருநகருக்கு மீன் வராமல் வேறை எங்கை வரும்?"

இதற்குமேல் அவரோடு கதைத்தால் தனக்குத்தான் தலையிடி என்று ஸ்ரெல்லா பள்ளிக்கூடத்து மனையியல் அறைத் தராசைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் வீடு குழுத் தலைவன் தேவராசாவின் வீடு. தாய் மதலேனாள் படலையிலேயே மறித்தாள்.

"பிள்ளை, தின்னுற சோத்தை ஆரும் நிறுப்பினமே? கண்பட்டுப் போம்."

"மாமி, ஒரு கிழமைதான்."

"ஒரு கிழமை கண்பட்டாப் போதாதே?"

கடைசியில் மதலேனாள் கோப்பைமேல் சிலுவை போட்டாள். அதை மட்டும் நம்பியிருக்க மனமில்லாமல் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் எறிந்தாள். மிளகாய்ப் புகையில் ஸ்ரெல்லா இருமி இருமித்தான் முதல் நிறையை எழுதினாள். அவள் கண்ணையே அவளால் நம்ப முடியவில்லை. குவித்த சோறு, பருப்பு, நடுவில் உள்ளங்கையளவு விளைமீன் பொரியல்.

அடுத்த வீட்டிலும் விளைமீன் பொரியல். அதற்கடுத்த வீட்டிலும். நீக்கிலாப்பிள்ளை சொன்னது மெய்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சாப்பிடுகிறவன் ஏன் இடைவேளைக்குப் பிறகு விழுகிறான்? இரவு கணக்கைத் திருப்பித் திருப்பிக் கூட்டிப் பார்த்தாள். கூட்டலில் பிழை இல்லை.

மூன்றாம் நாள்தான் கண்டுகொண்டாள். மதலேனாள் வீட்டு மீனின் வால் ஒரு பக்கம் கருகியிருந்தது. அடுத்த வீட்டு மீனுக்கும் வால் அதே பக்கம் கருகியிருந்தது. நிறையும் ஒரு கிராம் பிசகவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுதினாள், தராசைக் கட்டினாள், ஒழுங்கையால் சுற்றிப் போகாமல் கொல்லைப்புறத்தால் குறுக்கே போனாள். மூன்றாம் வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு கை கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தது. கோப்பையில் கருகின வால் விளைமீன். கை சிசிலியாவின் கை.

"அம்மா!"

சிசிலியா திடுக்கிட்டாலும் கோப்பையைக் கீழே விடவில்லை.

"மெல்லக் கத்தடி. ஊர் கேக்கும்."

"ஊருக்குத் தெரியாததே? எனக்கு மட்டும்தானே தெரியாது! ஒரு மீனை எத்தினை வீட்டிலை நிறுத்தனான்?"

"ஒண்டை வாங்கவே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றாள் சிசிலியா. "நாளைக்கு அவிச்ச முட்டை ஒழுங்குபண்ணியிருக்கிறம்."

ஸ்ரெல்லாவுக்கு அழுவதா, தராசைத் தூக்கி மதிலில் அடிப்பதா என்று தெரியவில்லை. தாய் தன் நியாயத்தை எடுத்து வைத்தாள். அவள் கணக்கில் அது பிழையே இல்லை. வெள்ளைக்காரன் பார்க்கப்போகிற கணக்கு. குருநகரான் கஞ்சி குடிக்கிறான் என்று அதில் எழுதி அனுப்புவதா? கஞ்சி குடிக்கிற ஊரில் இருந்து வருகிறவளுக்கு எவன் புலமைப்பரிசில் தருவான்? பெண் பார்க்க வருகிற வீட்டில் பலகாரம் வைப்பதில்லையா? இதுவும் அதுபோலத்தானே?

"அம்மா, அவங்கள் பெண் பாக்க வரேல்லை!"

"எல்லாம் ஒண்டுதான். உனக்குத்தான் உலகம் விளங்காது."

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி. இடைவேளைக்குப் பிறகு கோலுக்கு முன்னால் பந்தோடு போன தேவராசா, ஒருவரும் தொடாமலே சுருண்டு விழுந்தான். கூட்டம் நடுவரை ஏசியது. நீக்கிலாப்பிள்ளை குடையோடு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். ஸ்ரெல்லா பெடியனின் தலையைத் தூக்கிச் சீனித் தண்ணீர் பருக்கினாள்.

"காலமை என்னடா சாப்பிட்டனீ?"

"வெறும் தேத்தண்ணி."

"நேற்றிரவு?"

அவன் முகத்தைத் திருப்பினான். "அக்கா, எழுதிப்போடாதையுங்கோ. அம்மாவுக்குத் தெரிஞ்சால் கிணத்துக்கை குதிச்சிடுவா."

நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருந்தது. கையிலிருந்த கணக்கைக் கொண்டுபோனால் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். அழகான கணக்கு. அதை நம்பி ஒன்றரை வருஷம் படித்துவிட்டு வந்து, அந்தப் பெடியனுக்கு என்னத்தைச் சொல்வது, மீனைக் கொஞ்சம் குறை என்றா? உண்மையை எழுதவோ வீடுகள் விடாது. ஒரு கோப்பைக்காகத் தன் வாழ்க்கையே தடைப்பட்டு நிற்கிறதே என்று அவள் இரவெல்லாம் புகைந்தாள்.

மறுநாள் மத்தியானம், தன் வீட்டில் தனக்குப் போட்ட சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு மதலேனாள் வீட்டுக்குப் போனாள். தாய் பின்னால் ஓடி வந்தாள். "எங்கையடி கொண்டு போறாய்? எடியே!" அந்தக் கூப்பாட்டில் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். ஸ்ரெல்லா தராசை மதலேனாளின் முன்னால் வைத்தாள். கோப்பையைத் திறந்தாள். ஒரு பிடி சோறு, ஒரு கரண்டி சொதி, பச்சைமிளகாய் ஒன்று.

"மாமி, இது எங்கடை வீட்டுச் சாப்பாடு. இண்டைக்கு நீங்கள் நிறுங்கோ."

சிசிலியா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மதலேனாள் கோப்பையைப் பார்த்தாள், சிசிலியாவைப் பார்த்தாள்.

"எடி சிசிலியா, வீட்டிலை இதை வைச்சுக்கொண்டோ எனக்கு மீன் தந்தனீ?"

"நீ மட்டும்? போன கிழமை என்னட்டை மா கடன் கேக்க வந்திட்டு, கேக்காமல் திரும்பிப் போகேல்லையே?"

இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் திட்டினார்கள். பிறகு மதலேனாள் மூக்கைச் சிந்திவிட்டுத் தன் அடுப்படிக் கதவைத் திறந்தாள். "வா பிள்ளை. கஞ்சிதான். நிறுத்துக் கொண்டு போ." மிளகாய் சுற்றக்கூட அவள் மினக்கெடவில்லை. கஞ்சிக்கு எவன் கண் வைப்பான்?

அதற்குப் பிறகு ஒரு கிழமை மெய்யான கணக்கு வந்தது. வீட்டில்தான் கணக்குத் தீரவில்லை. சிசிலியா மகளோடு கதைப்பதை நிற்பாட்டிவிட்டாள். சோற்றைக் கோப்பையில் போட்டுவிட்டு, "சிலபேருக்குச் சாப்பாடு வைச்சிருக்கு" என்று சுவருக்குச் சொல்லுவாள்.

கொழும்புக்கு ரயில் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. ஓடிய ஒருநாளில் ஏறி, வழியெல்லாம் இறங்கி ஏறிச் சோதனை கொடுத்து, கசங்கின சேலையோடு ஸ்ரெல்லா போய்ச் சேர்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு கொழும்பு டொக்டர். டொக்டர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மிஸ், உங்கள் தராசில் பிழை. இவ்வளவு கொஞ்சத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒருவனால் ஒரு முழு ஆட்டம் விளையாட முடியாது."

ஸ்ரெல்லாவுக்கு வந்ததே ஒரு கோபம்! பொய்க் கணக்கை எழுதப் பட்ட பாடு, அதைக் கிழிக்கப் பட்ட பாடு, தாயின் மௌனம், ரயில், எல்லாம் ஒன்றாய்த் திரண்டு வந்தது. அவளுடைய இங்கிலீஷ் பெரிய இங்கிலீஷ் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

"முடியாதுதான், டொக்டர். விளையாடவில்லை. விழுந்துவிட்டான். அதனால்தான் நான் வந்திருக்கிறேன்."

டொக்டர் கணக்கை மூடிவைத்தார். வெள்ளைக்காரப் பெண், படித்துவிட்டுப் போய் அந்தப் பெடியன்களுக்கு என்ன செய்வாய் என்று கேட்டாள்.

"கடலைத் திறந்துவிட என்னால் முடியாது. எங்கள் ஊரில் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா இருக்கிறது, பயறு இருக்கிறது, குரக்கன் இருக்கிறது. இருக்கிறதில் எதை, ஆட்டத்துக்கு எத்தனை மணித்தியாலம் முன்னால், எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன்."

இடம் கிடைத்த செய்தி வந்த அன்று நீக்கிலாப்பிள்ளை சந்தியில் வெடி கொளுத்தி, தன் கழகத்தால்தான் இது நடந்தது என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொன்னார். அவர் சொன்னதிலும் பிழை இல்லைத்தானே. சிசிலியா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கனநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"ஊரிலை பசியெண்டு சொல்லித்தானே வாங்கினனீ?"

"ஓம் அம்மா."

"என்னைப் பற்றியும் சொன்னனியோ?"

"சொன்னனான்."

"என்னெண்டு?"

"தான் தின்னாமல் அயலுக்குக் குடுக்கிற ஆள் எண்டு."

சிசிலியா சட்டியை அடுப்பில் இடித்து வைத்தாள்.

"விசரி! அதையும் போய் வெள்ளைக்காரியிட்டைச் சொல்லுறதே? இந்த வீட்டிலை இருந்துகொண்டு ஒரு நல்ல காரியத்தை ஆருக்கும் தெரியாமல் செய்ய விடமாட்டாய். போ, போய்ப் படிச்சிட்டாவது வா."