தங்கைக்கு வந்த போன்

சென்னையில் விற்பனை வேலைக்காக மூன்று இன்டர்வியூ போயிருக்கிறேன். மூன்றிலும் சிரித்துக்கொண்டே 'கூப்பிடுறோம் சார்' என்று அனுப்பிவைத்தார்கள். நானும் ஊர் திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும்வரை போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பேன். வில்லியனூர் பக்கம் டிகிரி முடித்த பையன்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. கடைசியில் திருபுவனையில் ஒரு கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தேன்.

நான்காவது முறை போனது எனக்காக அல்ல, தங்கைக்காக.

என்னைவிட இரண்டு வயது சின்னவள். பி.காம். முடித்துவிட்டு வில்லியனூரில் ஒரு துணிக்கடையில் தீபாவளி சீசனுக்கு மட்டும் என்று சேர்ந்தாள். சீசன் முடிந்தும் முதலாளி அவளை விடவில்லை. ஒருநாள் அவளைக் கூட்டி வரப் போயிருந்தேன். ரவிக்கைத் துணி மாற்ற வந்த ஓர் அம்மாவிடம் அவள் புடவை என்ற பேச்சே எடுக்கவில்லை. வீட்டில் என்ன விசேஷம், பெண்ணுக்கா பையனுக்கா, சம்பந்தி வீட்டார் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா மூன்று புடவைகளோடு, 'வரேன் பாப்பா' என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெளியே பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

சென்னைக் கம்பெனியின் விளம்பரத்தை அவளேதான் போனில் தேடிப் பிடித்தாள். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கும் வேலை. பெண்களுக்கு ஹாஸ்டல் உண்டு என்று போட்டிருந்தது. "அண்ணன் கூட போயிட்டு வா" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வெளியூர் போனால் துணைக்கு ஒருவர் போவார். அவளுடைய பேப்பர்களில் அவள் போன் நம்பர் இருக்காது, வீட்டு ஆண்பிள்ளை யாருடைய நம்பராவது இருக்கும். அவளுடைய ரெஸ்யூமை நான்தான் அடித்துக் கொடுத்தேன். என் நம்பரைப் போட்டேன். அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, அவளுக்கும்தான்.

ஆபீஸ் கிண்டியில் இருந்தது. அன்று ஏ.சி. ஓடவில்லை என்று இன்டர்வியூ அறையின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே நாற்காலியில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. மேனேஜர் அவளிடம் அதிகம் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் மெஷின் வேண்டாம் என்று சொன்ன ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவள் கையில் கொடுத்துவிட்டார். நானாக இருந்திருந்தால் மனப்பாடம் செய்த இங்கிலீஷில் ஆரம்பித்துப் பாதியில் மாட்டிக்கொண்டிருப்பேன்.

"அம்மா, தண்ணி மெஷின் கம்பெனிலேர்ந்து பேசுறேன். வேணாம்னு சொல்லிட்டீங்களாம். வாங்கிக்கச் சொல்லிக் கூப்புடல. இன்னா புடிக்கலன்னு தெரிஞ்சிக்கலாம்னுதான்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் பொரிந்து தள்ளியது. வந்த ஆள் செருப்போடு சமையலறை வரை வந்தானாம், தரையெல்லாம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனானாம். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "எங்க வூட்ல வந்து அப்டிப் பண்ணியிருந்தா நானும் தொரத்தியிருப்பேம்மா" என்றாள். குரல் சிரித்தது. பிறகு பேச்சு முழங்கால் வலிக்குப் போய், பேரன் படிப்புக்குப் போய், கடைசியில் "சனிக்கிழமை வா. நீயே வரணும், வேற ஆள அனுப்பாத" என்று முடிந்தது. மேனேஜர் பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஹாஸ்டலையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "நல்லா பேசுனேனா ண்ணா?"

"பரவால்ல" என்றேன்.

வீட்டில் அப்பா அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். பார்த்துவிட்டு வந்தவன் நான்தானே. "எடம் எப்டிடா? நம்பி வுடலாமா?"

"ஹாஸ்டல் நல்லாதான் இருக்கு. ஆனா நாலு பேர் வூட்டுக்குப் போவணும்பா."

அப்பா வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "உங்கம்மா நாலு பேர் கழனிக்குப் போவலியா? போன் வரட்டும். வந்தா போவட்டும்" என்றார்.

நான்காம் நாள் போன் வந்தது. டீ பிரேக்கில் கம்பெனி கேட்டருகே நின்றிருந்தேன்.

"உங்க சிஸ்டர் செலக்ட் ஆயிருக்காங்க சார். திங்கட்கிழமை ஜாயின் பண்ணச் சொல்லுங்க" என்றது ஒரு பெண்குரல்.

"வீட்ல அனுப்ப மாட்டாங்க மேடம்" என்றேன்.

"அவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா?"

"வேணாம் மேடம்" என்று வைத்துவிட்டேன். டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஊர் பேசும், அந்நியர் வீடு, சென்னை பெரிய ஊர் என்று எத்தனையோ சமாதானங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் உண்மையில்லை. அப்பாவே சம்மதித்த பிறகு எனக்கென்ன கவலை? எனக்கு வயிற்றெரிச்சல். மூன்று முறை போய்க் கிடைக்காதது, ஒரே முறை போனவளுக்கு, அதுவும் எங்கள் வீட்டுப் பேச்சைப் பேசியே கிடைத்துவிட்டது. அதுதான் காரணம்.

ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் "போன் வந்துதா ண்ணா?" என்பாள். பத்து நாள் கேட்டாள். பிறகு, "நாமளே கூப்ட்டுக் கேட்டா இன்னா?" என்றாள்.

"அசிங்கம்டி. எடுத்திருந்தா அவுங்களே கூப்ட மாட்டாங்களா? நான் மூணு தடவ பாத்துட்டேன். இப்டித்தான் வுட்டுடுவாங்க" என்றேன். அவளுக்கு ஆறுதல் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சில மாதம் கழித்துத் துணிக்கடை முதலாளி என்னை நிறுத்தி, "தங்கச்சிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாப்பா? முன்ன மாதிரி பேச மாட்டேங்குது" என்றார். வருகிறவர்களிடம் கேட்டதை மட்டும் எடுத்துப் போடுகிறாளாம். அடுத்த ஆடிக்கு முன்பே அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். வேறெங்கும் வேலைக்கு எழுதிப் போட்டுப் பார்க்கவும் இல்லை. திருக்கனூரில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனுஷன், அங்கே உரக்கடை வைத்திருக்கிறார்.

போன மாதம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய சிநேகிதர் ஒருவர் கடைத்தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ஷோரூம் திறக்கப்போகிறாராம். பேச்சுக் கொடுத்து வியாபாரம் பார்க்க ஒரு பெண் வேண்டுமாம். "இவளச் சேத்து வுடலாம்னு பாக்குறேன் மச்சான். கொழந்தையும் பால்வாடிக்குப் போவுதே" என்றார்.

தங்கை குழம்புச் சட்டியோடு வந்தாள். "எனக்கு அதெல்லாம் வராதுங்க. பேசத் தெரியலன்னு மெட்ராஸ்லயே வேணாம்னுட்டாங்க. அண்ணனக் கேளுங்க, அண்ணன்தான் கூட வந்துது" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஆமா மாப்ள" என்றேன். அவள் என் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.