துரை உட்காரவில்லை

சுங்கத்துறைச் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிற எல்லாரும் அவரை நாய்க்காரர் என்றுதான் சொல்வோம். நான் மட்டும் அண்ணன் என்று கூப்பிடுவேன். நாயின் பெயர் துரை. வெளிநாட்டு அரசாங்கம் நட்புக்கு அடையாளமாகக் கொடுத்தது, அந்த நாட்டு மொழியில் சொன்னால்தான் கேட்கும். வா, தேடு, விடு என்கிற அளவுக்கு அண்ணனும் அதைக் கற்றுக்கொண்டார். "பொண்டாட்டி பேச்சு காதுல ஏறாது, நாய்க்காக மட்டும் புது பாஷை!" என்று அண்ணி கிண்டல் செய்வார்.

போதைப்பொருள் வாடை பட்டால் துரை அந்தப் பெட்டிக்கு முன்னால் அசையாமல் உட்காரும். அண்ணன் உடனே சட்டைப்பையிலிருந்து பந்தை எடுத்துப் போடுவார். சரியாக உட்கார்ந்தால் பந்து, அதுதான் துரைக்குச் சம்பளம். ஒருமுறை ஏமாற்றினாலும் நாய்க்கு வேலையில் நம்பிக்கை போய்விடும் என்பார். அதில் மட்டும் மனிதர் தவறியதே இல்லை.

வேலை முடிந்ததும் துரை அவரோடு வீட்டுக்குப் போகும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் என்றால் அதற்கு உயிர். அவள் கட்டிலடியில்தான் படுக்கும்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே அண்ணி ஆரம்பித்தார். "பொண்ணு பழைய மாதிரி இல்லீங்க. சாப்பிடறதில்ல. கண்ணே ஒரு மாதிரி இருக்கு. எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழறா."

"பரீட்சை வருதுல்ல, அதான்."

"ஏதாவது கெட்ட பழக்கமோன்னு எனக்குத் தோணுதுங்க."

"அப்படி ஏதாவது இருந்தா துரை உட்கார்ந்திருக்க மாட்டானா? ஊர்ப் பெட்டியெல்லாம் கண்டுபிடிக்கறவன் வீட்டுல விட்டுடுவானா?"

அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். இத்தனைக்கும் துரைக்குத் தெரிந்ததெல்லாம் பழைய சரக்கின் வாடைதான். ஆய்வுக்கூடத்தில் செய்து வரும் புதுப் பொடியை அது மோந்ததே கிடையாது. அதற்காகத்தான் எங்கள் ஊரில் பன்னாட்டு மாநாடு நடந்தது. பயிற்சிக்கு மாதிரிப் பொடி அனுப்புவதாக உள்ளே கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனும் துரையும் வாசலில் நின்று போட்டோவுக்குப் போஸ் கொடுத்தார்கள். உள்ளே பேசியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, எனக்கே பிறகுதான் தெரியும். நாய் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள், பாவிகள்.

மாதிரியும் வரவில்லை. உங்கள் தடைப் பட்டியலில் சேருங்கள், அனுப்புகிறோம் என்றார்கள் வெளிநாட்டார். அனுப்புங்கள், சோதித்துப் பார்த்துச் சேர்க்கிறோம் என்றார்கள் நம்மவர்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகவே எழுதிக்கொண்டார்கள். விற்கிறவன் மட்டும் யாருக்கும் எழுதாமல் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

கல்லூரிக் கழிப்பறையில் மயங்கிக் கிடந்த அண்ணன் மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. காரணம் அந்தப் புதுப் பொடிதான் என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இருக்காது டாக்டர்," என்றார் அண்ணன். "எங்க நாய் உட்காரவே இல்லையே."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் போன பிறகு மாதிரிப் பொடி வந்தது. கூடவே பயிற்சியாளர், கைகுலுக்கல், மறுபடி போட்டோ. துரை கெட்டிக்கார நாய், ஒரே காலையில் புது வாடையைக் கற்றுக்கொண்டுவிட்டது. அன்று அண்ணனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் வீடுவரை போனேன்.

துரை வழக்கம்போல நேராக மகளின் அறைக்குள் ஓடியது. கதவுக்குப் பின்னால் அவளுடைய கோட்டு மாட்டியபடியே இருந்தது. தினமும் அதை உரசிக்கொண்டுதான் அது படுக்கப் போகும். இன்று நின்றது. கோட்டுப் பையை மோந்தது. அசையாமல் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தது.

அண்ணி அடுப்படியிலிருந்து வந்து அறை வாசலில் நின்றார். துரை சம்பளத்துக்காகக் காத்திருந்தது.

"சரியாத்தான் உட்கார்ந்திருக்கான்," என்று முணுமுணுத்த அண்ணன், பந்தை எடுத்துப் போட்டார். துரை துள்ளிக்கொண்டு ஓடியது.

"நான் மோந்து பாக்காமலே சொன்னேன்," என்றார் அண்ணி.