இக்னாத் நாளில் கடை திறந்தவள்

நெவெனா பதினொரு வருடம் கோட்டுகளுக்கு இடது கை மட்டும் தைத்தாள். வலது கை பக்கத்து மேஜைக்காரியின் வேலை, காலர் ஜன்னலோரத்துக்காரியின் வேலை. யாசெனிட்சா என்ற சிற்றூரில் பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தை எடுத்து ஒரு கிரேக்க முதலாளி நடத்திய தையல்கூடம் அது. கைகள் மட்டும் மூட்டை மூட்டையாக அவளைக் கடந்து போகும். முழுக் கோட்டை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. "இதையெல்லாம் யாருதான் போட்டுக்கிறா?" என்று மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்டாள். "உனக்குக் கூலி கைக்குத்தான், கேள்விக்கு இல்ல" என்றார் அவர்.

ஒரு வசந்தகாலத்தில் முதலாளி இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, கூலி இன்னும் மலிவான ஊரைத் தேடிப் போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இத்தாலிக்குப் பஸ் ஏறினார்கள், அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டிச் சம்பாதிக்க. நாற்பத்தாறு வயது நெவெனா துணிக்கடை வைக்கிறேன் என்றாள். அதைத் துணிச்சல் என்று ஊர் இன்றைக்குச் சொல்கிறது. எனக்குத் தெரிந்து அது துணிச்சலே இல்லை, வெறும் வேடிக்கை பார்க்கும் புத்தி. முழுக் கோட்டை முழு மனுஷி ஒருத்தி போட்டுக்கொண்டு நடப்பதை அவள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கோடை முழுவதும் பஸ் நிலையத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, போகிற வருகிற பெண்களின் தோள்களைப் பார்த்தாள். அவள் கணவன் கிரில் அதே நிலையத்தில் பஸ் ஓட்டுநர்.

"ஊர்ப் பொம்பளைங்க தோளையெல்லாம் அளந்துட்டு உக்காந்திருக்கியே, எவகிட்டயாவது செருப்படி வாங்கப் போற" என்றான்.

"வாங்குனா வாங்கிட்டுப் போறேன். ஆனா நீ கவனிச்சியா, பாதிப் பேரு புருஷன் கோட்டத்தான் போட்டிருக்காங்க."

உண்மைதான். ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் தக்காளி பதப்படுத்தும் ஆலையிலும் திராட்சைத் தோட்டத்திலும் பெட்டி தூக்கியவர்கள். தோள் அகலம், மேற்கை தடிப்பு. சந்தையில் தொங்கும் கோட்டெல்லாம் ஒடிசலான பெண்களுக்கு வெட்டியவை. இவர்கள் போட்டுப் பார்த்தால் அக்குளில் பிடிக்கும், பொத்தான் எட்டாது. ஆகவே வீட்டில் ஆண்கள் கழித்துப்போட்டதை மாட்டிக்கொண்டு அலைந்தார்கள். இத்தனை வருடம் ஒரு கடைக்காரனுக்கும் இது கண்ணில் படவில்லை. படவில்லையா, பார்க்கவே இல்லையா, யாருக்குத் தெரியும்.

கார் நிறுத்தும் கொட்டடிதான் கடை ஆயிற்று. அங்கே நின்ற பழைய மாஸ்க்விச் காரை விற்றார்கள். கிரில் இரண்டு நாள் கொட்டடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எண்ணெய் நாற்றம் போகச் சுண்ணாம்பு அடித்தார்கள், விறகடுப்பு வைத்தார்கள், தெருப்பக்கம் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று வந்தது. வாதுமை மரச்சட்டம், இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும். நெவெனா தலைநகர் சோஃபியாவின் மொத்த விற்பனைக் கடைகளுக்கு நான்கு தடவை போய், ஒவ்வொரு கோட்டையும் புரட்டி, முதலில் இடது கையைத்தான் பார்த்தாள். கைக்கூடு தாராளமாக இருந்தால் எடுத்தாள், இல்லையென்றால் எவ்வளவு அழகானாலும் வைத்துவிட்டாள்.

கிரிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். பிப்ரவரிக்குள் கடை ஓடவில்லையென்றால் சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அவளும் இத்தாலி பஸ் ஏறிவிடுவாள். ஏஜென்ட்டிடம் இருக்கை சொல்லி வைத்தாயிற்று.

இவ்வளவு பார்த்தவள் திறப்புநாளில்தான் கோட்டை விட்டாள். டிசம்பர் இருபது. சனிக்கிழமை, சந்தை நாள், கிறிஸ்துமஸுக்கு ஐந்தே நாள். கூடவே இக்னாத் புனிதர் நாள். அன்றைக்கு உங்கள் வாசலை முதலில் தாண்டி வருகிற வெளியாளுடைய கால் ராசிதான் வருடம் முழுவதும் உங்களுக்கு. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அந்த நாளைப் பிடித்தாள். ஊரிலேயே ராசியான கால் என்று பேர் வாங்கியவர் மெத்தோடி, ஓய்வுபெற்ற தபால்காரர். "ஒம்போது மணிக்கெல்லாம் உன் கடைல நிப்பேன்மா" என்று அவர் சொல்லியிருந்தார். அவர் கால் பட்டதும் ஊரே பின்னால் நுழையும் என்பது அவள் கணக்கு.

ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. மெத்தோடியைக் காணோம். ராசியான காலை அன்றைக்கு எல்லா வீட்டிலும்தானே கூப்பிடுவார்கள். கூப்பிட்ட வீட்டிலெல்லாம் ஒரு கிண்ணம் ரக்கியாச் சாராயமும் ஊற்றுவார்கள். இதை ஒரு மனிதர் எத்தனை வீட்டில் தாங்குவார் என்று நெவெனா யோசிக்கவில்லை.

ஊர் என்னவோ வந்துவிட்டது. பனியில் நின்று, ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, உள்ளே என்ன தொங்குகிறது என்று ஒருவர் விடாமல் பார்த்தார்கள்.

"அந்தச் சாம்பல் கலர்ல பெரிய அளவு இருக்குமா?"

"உள்ள போய்க் கேளேன்."

"ஏன், நீ போயேன். நாளைக்குக் கடை படுத்துச்சுன்னா எம்பேரு அடிபடறதுக்கா?"

அதுதான் விஷயம். வருடம் கெட்டுப்போனால் பழி முதல் காலுக்கு. யார் தலையைக் கொடுப்பார்கள்? நெவெனா அடுப்பருகே நின்று முகங்களை எண்ணினாள். கதவு திறந்தேதான் இருந்தது. ஒரு பூட்ஸும் படியில் ஏறவில்லை.

பதினொரு மணிக்குத் தெருவின் அந்தப் பக்கத்தில் லால்கா வந்து நின்றாள்.

லால்கா ரொட்டிக்கூடத்தில் மாவு மூட்டை தூக்குகிறவள், ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடத்துக்கு முன் ஓர் இக்னாத் நாளில், உப்பு தீர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். அந்த வருடம் அவர்கள் வீட்டுப் பன்றி செத்தது, கூரை சரிந்தது. பன்றிக்கு நோய், கூரைக்கு வயது. அதை யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து லால்காவின் கால் ராசியில்லாத கால். ஒவ்வொரு டிசம்பர் இருபதும் வேலை முடிந்தால் நேரே வீடு, மறுநாள் வரை வெளியே தலை காட்டுவதில்லை. இந்த முறை வழியிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் பொம்மை மேல் இருந்த கரும்பச்சைக் கோட்டு அவளை நிறுத்திவிட்டது.

நெவெனா அவளைப் பார்த்தாள். பார்த்ததும் கதவருகே போய் அதைப் பாதி சாத்தினாள். செய்துவிட்டு வெட்கப்பட்டாள், ஆனாலும் திறக்கவில்லை. காரை விற்ற பணம் அந்த நான்கு சுவருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் லால்கா நகரவில்லை. அவள் போட்டிருந்தது செத்துப்போன கணவனின் கோட்டு, மேல் பொத்தான் திறந்தே கிடந்தது. ஊரிலேயே அகலமான தோள். அந்தப் பச்சைக் கோட்டைச் சோஃபியாவில் எடுத்தபோது நெவெனா மனதில் வைத்த தோள் அதுதான், யாருடையது என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்றாலும். சேருமா, சேராதா? இடது கை ஏறுமா? கால்மணி நேரம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. பொம்மையிலிருந்து கோட்டைக் கழற்றிக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

லால்கா இரண்டடி பின்வாங்கினாள். "நான் உன் கடைக்குள்ள வரமாட்டேன்மா. பயப்படாத. சும்மா பாத்துட்டுப் போயிடுறேன்."

"உள்ள யாரு கூப்பிட்டா அக்கா? இங்கயே போட்டுப் பாருங்க. இடது கைய முதல்ல விடுங்க."

கை ஏறியது. தோள் உட்கார்ந்தது. பொத்தான் இழுக்காமல், கெஞ்சாமல் அதன் இடத்துக்கு வந்தது. பதினொரு வருடமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் எதிரே நின்றது. நெவெனாவுக்கு அழுகை வந்தது, குளிர் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

"எப்படி இருக்குன்னு நான் பாக்க வேணாமா?" என்றாள் லால்கா.

நெவெனா கிரிலைக் கூப்பிட்டாள். இருவருமாகச் சினிமாக் கண்ணாடியைத் தூக்கி வந்து வெளிச்சுவரில் சாய்த்தார்கள். அவ்வளவுதான், கூட்டம் அசைந்தது. தெருவில் வாங்கினால் யார் காலும் யார் ராசியையும் கெடுக்காதே. "அந்தச் சாம்பல் கலர எடுத்துட்டு வா", "எனக்கு அந்த முழுக்கைச் சட்டை" என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டார்கள். கிரில் மதிய பஸ்ஸுக்குப் போய்விட, நெவெனா தனியே உள்ளுக்கும் வெளிக்கும் ஓடினாள். லால்கா போகவில்லை. தன் பச்சைக் கோட்டைப் போட்டபடியே கண்ணாடிப் பக்கத்தில் நின்று, "கையத் தூக்கிப் பாரு. அக்குள்ல பிடிக்குதா? அப்ப அடுத்த அளவு கேளு" என்று ஒவ்வொருத்தியையும் விரட்டினாள். அவளைக் கண்டால் ஒதுங்கிப்போகிறவர்களும் கையைத் தூக்கிக் காட்டினார்கள்.

நான்கரைக்கு வெளிச்சம் குறைந்து மறுபடி பனி விழ ஆரம்பித்தது. கண்ணாடி நனையக் கூடாது. நெவெனா ஒரு முனையைப் பிடித்தாள், மறுமுனையை லால்கா பிடித்தாள். நெவெனா பின்பக்கமாகப் படியேறி உள்ளே போனாள். வாசலில் லால்கா நின்றுவிட்டாள்.

"இதுக்கு மேல யாரையாவது கூப்பிட்டுக்கோ."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மெத்தோடி வந்தார். ராசியான கால் ஒரு திசையில் போயிற்று, இன்னொரு கால் வேறு திசையில். "வந்துட்டேன், ஒம்போது மணி ஆச்சா?" என்றார். கூட்டம் கலகலத்தது. "அவர விடுங்க, அவர முதல்ல உள்ள விடுங்க" என்று நாலைந்து குரல்கள். இரண்டு பேர் அவரைத் தாங்கிப் படியருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நெவெனா உள்ளேயிருந்து பார்த்தாள். வாசலில் ஒரு பக்கம் மெத்தோடி. மறுபக்கம் கண்ணாடியின் பாரத்தைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், கீழே பார்த்துக்கொண்டு லால்கா. பிப்ரவரி பஸ் நினைவுக்கு வந்தது. பாதி சாத்திய கதவும் நினைவுக்கு வந்தது.

"மெத்தோடி அண்ணே, வழில நிக்காதீங்க" என்றாள். "கண்ணாடி வருது. லால்கா அக்கா, படி உசரம், பாத்து ஏறுங்க."

லால்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாவு படிந்த பூட்ஸ் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

கண்ணாடியைச் சுவரில் நிறுத்தியதும் உடனே வெளியே போகத் திரும்பினாள். நெவெனா முக்காலியை இழுத்துப் போட்டாள். முதல் கால் வைத்தவரை உட்கார வைக்காமல் அனுப்பக் கூடாது, உட்கார்ந்தால்தான் அந்த வீட்டுக் கோழி அடைகாக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

"உன் கடைல கோழி ஏதுடி?" என்றாள் லால்கா.

"உக்காருங்க அக்கா. வாதுமைப் பருப்பு இருக்கு, பாலாடைக்கட்டி வச்சுச் சுட்ட பனிட்சா இருக்கு. உங்களுக்குன்னு செஞ்சது இல்ல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்குத்தான்."

லால்கா உட்கார்ந்தாள். இருபது வருடத்தில் அந்த நாளில் அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள் நெவெனா.

அந்த வருடம் எப்படிப் போயிற்று என்று ஊரே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தது, நெவெனாவும்தான். கொட்டடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. இரண்டு கோட்டைப் பூச்சி அரித்தது. சாம்பல் நிறம் வேண்டுமென்று மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பிப்ரவரியில் இத்தாலி பஸ் அவள் இருக்கை காலியாகவே போயிற்று.

அடுத்த டிசம்பர் இருபது, காலை ஒன்பது மணி. கடை வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் பனியில் நின்றார்கள். நெவெனா கதவைத் திறந்து, குறுக்கே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லால்கா இன்னும் வரலயா?" என்றாள் ஒருத்தி. "இங்க குளிர்ல சாகறோம். யாராவது ரொட்டிக்கூடத்துக்குப் போய் அவள அனுப்பச் சொல்லுங்களேன்."

பதினொரு மணிக்கு லால்கா பச்சைக் கோட்டில் தெருமுனை திரும்பினாள். பூட்ஸில் ஒட்டிய மாவைப் பனியில் தேய்த்துவிட்டு, அவசரப்படாமல் நடந்து வந்தாள்.