வரிசையில் நின்றவர்

அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பேன். அங்கேதான் அந்த வயதான உபதேசியாரைப் பார்த்தேன். காலர் நைந்த வெள்ளைச் சட்டை, கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, செருப்புக்குள் அடங்காமல் வீங்கிய பாதங்கள். விடிந்ததும் வந்து வரிசையில் நின்றுவிடுவார். மருந்து கொடுக்கும் ஜன்னலை நெருங்கும் நேரத்தில், பின்னால் தள்ளாடும் யாரையாவது கைகாட்டி அழைத்துத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசிக்குப் போவார். மறுபடி முன்னால் வருவார், மறுபடி கொடுப்பார். கையில் மருந்துச் சீட்டே இருக்காது.

ஒருநாள் கேட்டேன். "உங்களுக்கு மருந்து வேணாங்களா?"

"எனக்கு எதுக்கும்மா? பூவத்துலேருந்து கோட்டுச்சேரிமேடு வரைக்கும் முப்பது வருஷம் நடந்து நடந்து பிரசங்கம் பண்ணேன். யாருக்கு என்ன பிரயோசனம்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. இப்பப் பேசவே அலுப்பா இருக்கு. நிக்க முடியுது, நிக்கிறேன். ஒருத்தருக்கு அரைமணி நேரம் மிச்சமாவுறதையாவது கண்ணால பாத்துடுறேன்."

சொல்லிவிட்டு, உடம்பை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டார்.

போன மாதம் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. சுவரில் சாய்ந்து நின்ற என்னை அவர் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"முன்னாடி வாங்கம்மா."

அவர் விலகியபோதுதான் கவனித்தேன். அன்றைக்கு அவர் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் அவர் இடத்தில் போய் நின்றேன்.

மாத்திரையோடு திரும்பும்போது வரிசையின் கடைசியில் நின்றிருந்தார்.

"கெடச்சுதாம்மா?"

தலையாட்டினேன். உங்களுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்காமலே வாசலைப் பார்த்து நடந்தேன்.