நூலக்காவும் சுவரில் ஏறிய திரையும்

புருவம் திருத்தும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கைகளிலும் முறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க முடியாது. நூலக்காவின் தங்கைக்கு இது நன்றாகத் தெரியும். அக்கா ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று தோன்றுகிற எதையும், அவள் வாயில் நூல் ஏறிய பிறகுதான் சொல்லுவாள்.

"அக்கா, எதிர்ச் சுவத்துல ஒரு டிவி மாட்டப் போறாங்க. கிரீம் கம்பெனிக்காரங்க சும்மாவே குடுக்கறாங்க. அவங்க விளம்பரம் ஓடும், அவ்ளோதான்."

நூலக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தலையோடு நூலும் ஆடியது, நாற்காலியில் படுத்திருந்த பெண் "ஐயோ" என்றாள். அவளைச் சமாதானப்படுத்தி நிமிர்ந்தபோது தங்கை போனைக் காதில் வைத்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் அந்த அழகு நிலையம். இரண்டு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். முடி வெட்டுவது, சாயம் பூசுவது, பேசுவது எல்லாம் தங்கையின் பொறுப்பு. நூல் மட்டும் அக்காவுடையது. பத்தொன்பது வயதில், கால் பெருவிரலில் நூலைக் கட்டித் தன் காலிலேயே பழகியவள். அந்த வருஷம் முழுக்க அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு முடி தங்கியதில்லை. இத்தனை வருஷத்தில் நூல் ஓடி ஓடி முன்பல்லில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. பல் டாக்டர் அதை அடைத்துவிடலாம் என்றபோது, "அது என் டூல், டாக்டர். கை வைக்காதீங்க" என்று எழுந்து வந்துவிட்டாள்.

டிவி வந்தது. சத்தம் கிடையாது. ரிமோட்டும் கிடையாது. பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி. அதுவாக எரிந்தது, வெளிச்சத்தை அதுவாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டது. பளபளக்கும் கன்னங்கள் நாள் பூராவும் அதில் திரும்பித் திரும்பிச் சிரித்தன. நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் நூலக்காவுக்கு நேர் எதிரே.

ஒரு மாதம் போயிருக்கும். நூல் நடுங்க ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்தான். ஆனால் முடியைப் பிடிக்க வேண்டிய இடத்தில் தோலைப் பிடித்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி இமைக்கு மேல் சிவப்புக் கோட்டோடு இறங்கிப் போனாள். மறு வாரம் இன்னொருத்தி.

முடிச்சாயம் காயக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளர்தான் முதலில் தீப்பொறி வைத்தார். "அந்த ஸ்க்ரீன் துடிக்கும்மா. நம்ம கண்ணுக்குத் தெரியாது, நரம்புக்குத் தெரியும். வெளிய இருந்தே நம்மள ஆட்டி வைக்கலாமாம். ஒரு வீடியோல சொன்னாங்க."

நூலக்கா அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தாள். பிறகு அது போல இன்னும் பல. பஸ்ஸில், அடுப்படியில், போனும் கையுமாக.

"திரை ஆபத்துன்னு திரையில பாத்துத்தான் தெரிஞ்சுக்கறியா?" என்றார் கணவர். "சாயங்காலம் சீரியல் பாக்கறப்ப நரம்பு லீவுல போயிடுமோ?"

"அப்ப என் கையில யாரோட கண்ணும் இல்ல" என்றாள். அவர் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டியைச் சரிபார்க்க வந்தவரை விடாமல் பிடித்தாள். "தம்பி, இது நரம்பை எதாவது பண்ணுமா?"

"அக்கா, எனக்கு மாட்டத்தான் தெரியும். உள்ள என்ன ஓடுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

"அவங்கன்னா?"

"கம்பெனி."

"கம்பெனில யாரு?"

அவர் ஏணியிலிருந்தபடியே யோசித்தார். "ஒரு நம்பர் இருக்கு. பேசினா ஒன்னை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சொல்லும்."

அழுத்தினாள். பாட்டு வந்தது. பாட்டு முடிந்து லைன் அறுந்தது. டாக்டரிடம் போனாள். அவர் கையை நீட்டச் சொன்னார். அவருக்கு முன்னால் அது கல் மாதிரி நின்று மானத்தை வாங்கியது. "டென்ஷனைக் குறைங்க" என்றார், தன் மேஜைமேல் இருந்த திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே. அதைக் கேட்டு டென்ஷன் இரண்டு மடங்கானதுதான் மிச்சம். ஆமாம் என்று மிரட்டியவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, இல்லை என்று சிரித்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. சிரித்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

"அக்கா," என்றாள் தங்கை ஒருநாள், நூல் வாயில் ஏறியதும். "ஒரு பொண்ணு வேலை கேட்டிருக்கா. நூலு, வேக்ஸு எல்லாம் பண்ணுவாளாம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். நீ பேசாம கவுண்டர்ல உக்காந்துக்க. இன்னும் ரெண்டு பேர் முகத்துல கோடு விழுந்தா யாரு படியேறி வருவாங்க?"

நூலக்கா நூலைக் கடித்தபடி நின்றாள். அந்த நாற்காலி போய்விட்டால் அவளுக்கு அந்த அறையில் வேறு எந்த இடமும் இல்லை. பில் போடவும் பொய்ச் சிரிப்புச் சிரிக்கவும் அவளுக்கு வராது.

மறுநாள் காலை தங்கை வருவதற்கு முன்பே நாற்காலியைத் தரதரவென்று இழுத்துத் திருப்பிப் போட்டாள். இப்போது திரை அவள் முதுகுக்குப் பின்னால். இனி ஆட்டி வைக்கட்டும் பார்க்கலாம்.

அன்று முதலில் வந்தது டீச்சர். இந்த நிலையம் திறந்த நாளிலிருந்து வருகிறவர். படுத்ததும் கண்ணை மூடிவிடுவார். முடிந்து கண்ணாடி காட்டும்வரை திறக்கமாட்டார். நூலக்கா குனிந்தாள். ஜன்னலும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டதை அவள் யோசிக்கவில்லை. தன் நிழலே டீச்சரின் முகத்தில் விழுந்தது. முடிக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியாமல் இழுத்தாள். இடது புருவத்தின் வால் போய்விட்டது.

அந்த இடம் எரிய, டீச்சர் கண்ணைத் திறந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா இது? ஒரு கண்ணு மட்டும் சந்தேகப்படற மாதிரி இருக்கு?"

தங்கை ஓடி வந்தாள். "மன்னிச்சுக்குங்க டீச்சர், பென்சில்ல வரைஞ்சு விடறேன். அக்கா, நாற்காலிய யாரு திருப்பச் சொன்னா? நான் நேத்தே சொன்னேன்ல? உனக்கு டிவி பேய் பிடிச்சிருக்கு. இனி இந்தப் பக்கமே வராத."

வலது புருவத்துக்காக நூலக்காவின் வாயில் நூல் இருந்தது. கடித்தாள். இன்னும் கடித்தாள். பட்டென்று நூல் அறுந்தது.

அப்போதுதான் தாடையில் வலி தெரிந்தது. காதுவரை ஓடிய வலி. விரலை வைத்துப் பார்த்தாள். அங்கே சதை குட்டி மீன் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. கை ஆடாமல் சும்மாதான் இருந்தது.

நாற்காலியை மறுபடி ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள், டீச்சரோடு சேர்த்து. புது நூல் எடுத்து, பல்லில் கடிக்காமல் அதன் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அப்படிச் செய்கிறவர்களை 'கட்டிப் போட்ட ஆடு' என்று கேலி செய்தவள் அவள்தான். திரைக்கு நேர் எதிரே நின்று, வலது புருவத்தை ஆரம்பித்தாள். நூல் ஆடவில்லை.

தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! டிவியும் இல்ல, ஒன்னும் இல்ல. எல்லாம் உன் தாடை!"

"தாடை எதுக்குக் கடிச்சுதுன்னு கேட்டியாடீ?" என்றாள் நூலக்கா. வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவள் குரலைக் கேட்டு டீச்சரே ஒரு கண்ணைத் திறந்தார். "அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, மாட்டினவருக்கும் தெரியாது. தெரியாததைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு முன்னாடி நாள் பூரா எரிய விட்டுட்டு, என்னைத் தூக்கிக் கவுண்டர்ல வைக்கறியா? திங்கக்கிழமை எந்தப் பொண்ணும் வர வேணாம். முதல்ல அதோட பிளக்கப் பிடுங்கு."

"ஆஃப் பண்ணா கம்பெனிலருந்து போன் வரும்க்கா."

"வரட்டும். என்கிட்ட குடு. என் வாய் இப்ப சும்மாதானே இருக்கு?"

"பிடுங்கிடும்மா," என்றார் டீச்சர் கண்ணை மூடியபடி. "எனக்கு இன்னொரு புருவம் வேணும்."

தங்கை முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினாள். சிரித்துக்கொண்டிருந்த கன்னங்கள் அணைந்தன. வலது புருவம் பாதிகூட முடியவில்லை, போன் அடித்தது. நூலக்காவின் இரண்டு கைகளிலும் நூல். "காதுல வை" என்றாள். தங்கை வைத்தாள்.

"உங்கள் திரை இணைப்பில் இல்லை," என்றது இனிமையான ஒரு குரல். "மின்தடை என்றால் ஒன்றை அழுத்தவும். பழுது என்றால் இரண்டை அழுத்தவும்."

"ஹலோ. எங்களுக்கு இது வேணாம். வேணாம்னா எதை அழுத்தணும்?"

குரல் ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்றிலிருந்து திரும்ப ஆரம்பித்தது. நூலக்கா கடைசிவரை கேட்டுப் பார்த்தாள். அதற்கு எண் இல்லை.